காகிதம் கடைசிப் பாடமா?

குவில்ட் தைக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு எல்லா இடத்திலும் ஒரே உபதேசம்தான். முதலில் சதுரத் துண்டுகளை வெட்டுங்கள். ஒன்பது சதுரம் சேர்த்து ஒரு கட்டம் தையுங்கள். அது கைக்கு வந்ததும் முக்கோணத்துக்குப் போங்கள். இரண்டு மூன்று குவில்ட் முடித்த பிறகு, தைரியம் இருந்தால், பேப்பர் பீஸிங் பக்கம் எட்டிப் பாருங்கள். வகுப்பு எடுப்பவர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். புத்தகங்களும் காகிதத்தைக் கடைசி அத்தியாயத்துக்கு ஒதுக்கி, பக்கத்தில் 'அனுபவசாலிகளுக்கு' என்று ஒரு எச்சரிக்கையையும் போட்டுவிடுகின்றன. இந்த வரிசை தலைகீழ் என்பது என் கட்சி. புதிதாக வருகிறவர் கையில் முதல் நாளே கொடுக்க வேண்டியது காகிதம்.

விஷயத்துக்குப் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. குவில்ட் என்பது மூன்று அடுக்கு: மேலே துண்டுகளை இணைத்துச் செய்த முகத்துணி, நடுவில் மெல்லிய பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டுப் பிடிப்பார்கள். பேப்பர் பீஸிங் முகத்துணியோடு நின்றுவிடுகிற சங்கதி. அதில் இரண்டு வழி உண்டு. ஒன்று இங்கிலாந்து வழி. அறுகோணம், சாய்சதுரம் என்று காகிதத்தில் வெட்டிய வடிவத்தின் மேல் துணியைப் போர்த்தி, ஓரத்தை மடித்து நூலோட்டி, இரண்டு இரண்டாக விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கையால் தைப்பது. மற்றது மெஷின் வழி. முழுக் கட்டத்தின் கோடுகளும் அச்சிட்ட ஒரு தாளின் மேலேயே துணியை வைத்து, கோட்டின் மீதே தையல் ஓட்டி, கடைசியில் தாளைக் கிழித்து எடுப்பது.

இரண்டிலும் காகிதம் செய்யும் வேலை ஒன்றுதான். அளவு என்கிற பாரத்தைத் தைப்பவரின் கண்ணிலிருந்தும் கையிலிருந்தும் இறக்கி, தான் சுமக்கிறது. புதிதாக வருகிறவரிடம் இல்லாதது எது? பொறுமை இருக்கிறது, ஆசை இருக்கிறது, நிறம் பார்க்கும் கண்ணும் பெரும்பாலும் இருக்கிறது. இல்லாதது அளவு ஒன்றுதான். இல்லாததைத் தருகிற கருவியை, அது வந்து சேர்ந்த பிறகுதான் தருவோம் என்பது என்ன நியாயம்?

சதுரம் அளவைக் கற்றுத் தருகிறது என்பார்கள். கற்றுத் தருவதில்லை. மறைக்கிறது. குவில்ட் தையலில் ஓரத்துக்கு விடும் துணி கால் அங்குலம். ஒருவர் தன்னையறியாமல் ஒவ்வொரு ஓரத்திலும் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலாகப் பிடித்துத் தைக்கிறார் என்று வையுங்கள். நூல் கனம்தான் வித்தியாசம். ஒரு தையலில் இரண்டு துணி சேர்வதால் ஒவ்வொரு தையலிலும் பதினாறில் ஒரு பங்கு குறைகிறது. ஒன்பது சதுரக் கட்டத்தில் ஒரு திசையில் இரண்டே தையல். அரைக்கால் அங்குலம் குறையும். எல்லாக் கட்டமும் அதே அளவு குறைவதால் ஒன்றோடொன்று ஒழுங்காகவே பொருந்தும். தைத்தவர் சரியாகத் தைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார். அதே கையோடு எட்டுத் தையல் குறுக்கே ஓடும் நட்சத்திரக் கட்டத்துக்குப் போனால் அரை அங்குலம் காணாமல் போயிருக்கும். முனைகள் மழுங்கி, பக்கத்துக் கட்டத்தின் தையலுக்குள் போய்ப் புதைந்திருக்கும். மூன்று குவில்ட் முடித்தவர் அப்போதுதான் முதல் தடவையாகத் தன் பிழையைப் பார்க்கிறார். இதற்குப் பெயர் அடிப்படைப் பயிற்சியாம்.

காகிதத்தில் அந்தச் சங்கிலிப் பிழைக்கு வழியே இல்லை. ஒவ்வொரு தையலுக்கும் அதன் இடம் தாளில் அச்சாகியிருக்கிறது. மூன்றாவது கோட்டில் கை கொஞ்சம் விலகினால் பிழை அந்தக் கோட்டோடு நிற்கும். நான்காவது கோடு தன் இடத்திலேயே இருக்கிறது.

ரவிக்கை தைக்கத் தெரிந்தவர்கள் இந்த விஷயத்தில் இன்னும் அதிகம் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் நம்ப மாட்டீர்கள். வருஷக்கணக்காக மெஷினில் உட்கார்ந்தவர்கள், கை ஓட்டம் பிரமாதமாக இருக்கும். ஆனால் நம் ஊர்த் தையல், பக்கத்தில் ஒரு அங்குலம் உள்ளே விட்டு, பின்னால் பிரித்து விடலாம் என்று பழகிய தையல். உடம்பு பெருத்தால் துணி வேண்டுமே. அந்தக் கைக்குக் கால் அங்குலம் என்பது பழக்கத்துக்கே எதிரி. ஒன்பது சதுரத்தைத் தைத்துவிட்டு, "சரியாத்தானே இருக்கு?" என்று கேட்பார்கள். கோடு போட்ட தாளைக் கொடுத்தால் அதே கை அரை மணியில் ஊசி முனை போன்ற நட்சத்திரத்தைக் கொண்டுவந்து வைக்கிறது.

சதுரக் கட்சிக்காரர்கள் தங்கள் வழியை 'அடிப்படை' என்று அழைக்கும்போது ஏதோ ஆதி காலத்து முறை என்ற தோற்றம் வருகிறது. உண்மை வேறு. இன்றைய சதுரப் பாடம் மூன்று சாமான்களை நம்பி நிற்கிறது: உருளும் கட்டர், அடியில் போடும் பாய், கட்டம் போட்ட கண்ணாடி ஸ்கேல். அந்தக் கட்டரை ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது 1979-இல். காகிதத்தின் கதையோ அதற்கு இருநூற்றைம்பது வருஷத்துக்கும் முந்தியது. பிரிட்டனின் குவில்ட்டர்ஸ் கில்ட் அமைப்பிடம் ஒரு பட்டு விரிப்பு இருக்கிறது. 1718 என்ற ஆண்டும் இரண்டு எழுத்துகளும் அதிலேயே துண்டு வைத்துத் தைக்கப்பட்டிருக்கின்றன. மனிதர்கள், மிருகங்கள், பூக்கள், நடுநடுவே கோண வடிவங்கள் என எல்லாமே காகிதத்தின் மேல் பட்டைப் போர்த்திச் செய்தவை. பட்டு நழுவும், ஓரம் பிரியும், இழுத்தால் கோணும். கண்ணாடி ஸ்கேலும் கட்டரும் மெஷினும் இல்லாத காலத்தில் அதை அடக்கியது தாள்தான். இதில் எது அடிப்படை, எது பின்னால் வந்த வசதி?

அந்த 1718 விரிப்பைத் தைத்தவர் கைதேர்ந்தவர், அவரைப் பழகுநருக்கு உதாரணம் காட்டலாமா என்று கேட்பீர்கள். நியாயம். அப்படியானால் ஜேன் ஆஸ்டினை எடுத்துக்கொள்வோம். நாவலாசிரியர்தான். அம்மாவும் அக்கா கஸாண்ட்ராவும் இவரும் சேர்ந்து தைத்த சாய்சதுர விரிப்பு இன்றும் சாட்டன் கிராமத்தில் அவர்கள் வாழ்ந்த வீட்டில் இருக்கிறது. 1811-இல் அக்காவுக்கு எழுதிய கடிதத்தில், துண்டு சேர்த்தாயா, வேலை நின்றுபோயிருக்கிறது என்ற பொருளில் நச்சரித்திருக்கிறார். சாப்பாட்டு மேஜை ஓய்ந்த பிறகு மூன்று பெண்கள் உட்கார்ந்து செய்த வீட்டு வேலை அது. பட்டறை வேலை அல்ல. 1835-இல் அமெரிக்காவில் 'கோடீஸ் லேடிஸ் புக்' என்ற பெண்கள் பத்திரிகை தேனடை அறுகோண மாதிரியை அச்சிட்டபோதும், அது குடும்பப் பெண்களை எண்ணித்தான். இருபதாம் நூற்றாண்டில் லூசி பாஸ்டன் இருந்தார். சிறுவர்களுக்கான 'கிரீன் நோ' கதைகளை எழுதியவர். கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஹெமிங்ஃபோர்ட் கிரேயில் இருந்த தன் பழைய வீட்டில் உட்கார்ந்து, நீண்ட அறுகோணத் துண்டுகளால் குவில்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் தைத்தார். அவர் தைத்தவை இன்றும் அந்த வீட்டில் இருக்கின்றன.

பிறகு எப்படித்தான் காகிதத்துக்கு 'அனுபவசாலிகளுக்கு மட்டும்' என்ற முத்திரை விழுந்தது? கண்காட்சிகளால் என்று நினைக்கிறேன். மாலுமி திசைகாட்டி போல முப்பத்திரண்டு முனை விரியும் வட்டங்கள், முள்முள்ளாகச் சிலிர்க்கும் நட்சத்திரங்கள் எல்லாம் காகிதத்தில் தைத்தவை. பார்க்கிறவர் மலைத்துப்போகிறார். முடிந்த பொருளின் சிக்கலை, செய்த வழியின் சிக்கலாக எடுத்துக்கொள்கிறார். அந்த வட்டத்தில் இருப்பதும் ஒரே ஒரு வேலைதான்: வை, தை, திருப்பு, வெட்டு. அதையே நூறு தடவை செய்திருக்கிறார்கள். கரோல் டோக் என்ற அமெரிக்க ஆசிரியை 1994-இல் மெஷின் பேப்பர் பீஸிங்குக்கு எழுதிய புத்தகத்தின் தலைப்பே இது சுலபம் என்றுதான் தொடங்குகிறது. அந்தப் புத்தகத்தை வாங்கியவர்களில் எத்தனை பேர் தலைப்பை நம்பினார்களோ!

சரி, அந்த வேலை எப்படி இருக்கும் என்று பக்கத்தில் போய்ப் பார்ப்போம். முதல் பாடத்துக்கு நான் எடுப்பது 'பறக்கும் வாத்து' வரிசை. ஒரு பெரிய முக்கோணம், அதன் இரண்டு தோளிலும் சிறிய முக்கோணம். இது ஒரு வாத்து. இப்படி நாலு வாத்து ஒன்றின் மேல் ஒன்றாக. தாளில் ஒவ்வொரு வடிவத்துக்கும் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். எண் வரிசைப்படிதான் தைக்க வேண்டும். பிரிண்ட் எடுக்கும்போது நூறு சதவீத அளவில் எடுக்க வேண்டும்; 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதைத் தொட்டால் எல்லாம் கெட்டது. தாளிலேயே ஒரு அங்குலச் சதுரம் போட்டிருப்பார்கள், அதை அளந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

அச்சிட்ட பக்கம் தையலுக்கு, வெற்றுப் பக்கம் துணிக்கு. இது ஒன்று மனதில் பதிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. வெற்றுப் பக்கத்தில் ஒன்றாம் எண்ணை நன்றாக மூடும்படி முதல் துணியை, நல்ல பக்கம் நம்மைப் பார்க்கும்படி வைத்து, பசைக் குச்சியால் ஒரு பொட்டு ஒட்டுங்கள். இரண்டாவது துணியை அதன் மேல் நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் சேரக் கவிழ்த்து, 1-க்கும் 2-க்கும் நடுவில் உள்ள கோட்டைத் தாண்டி ஓரம் கால் அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். தாளைத் திருப்பி, அச்சிட்ட கோட்டின் மேலேயே மெஷினை ஓட்டுங்கள். கோடு தொடங்குவதற்கு இரண்டு தையல் முன்பே ஆரம்பித்து, முடிந்த பிறகு இரண்டு தையல் தாண்டி நிறுத்துங்கள். அந்தக் கோட்டிலேயே தாளை மடித்துக்கொண்டு, நீட்டும் துணியைக் கால் அங்குலம் விட்டு வெட்டி, இரண்டாவது துணியைப் பிரித்து நீவி இஸ்திரி போடுங்கள். இஸ்திரி துணிப் பக்கத்தில்தான், ஆவி வேண்டாம். அச்சு மை துணிக்கு இறங்கிவிடும். மூன்றுக்கும் இதேதான். முப்பதுக்கும் இதேதான்.

மெஷினில் இரண்டு மாற்றம் போதும். தையல் நீளம் வழக்கமாக 2.5 என்று இருப்பதை 1.5-க்குக் கொண்டுவர வேண்டும். 90 நம்பர் ஊசி போட வேண்டும். நெருக்கமான ஓட்டைகள் விழுந்தால்தான் தாள், தபால்தலை ஓரம்போலத் தையலை இழுக்காமல் கிழியும். இதற்கு ஒரு தண்டனையும் உண்டு: தப்பாகத் தைத்தால் 1.5 தையலைப் பிரிப்பதற்குள் கண்ணீர் வந்துவிடும்.

எதிர்க்கட்சியின் வலுவான வாதம் இந்தத் தப்பைப் பற்றியதுதான். அதை மழுப்ப மாட்டேன். தாளில் எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறித் தெரியும். அதோடு துணியைக் கவிழ்த்து வைக்கும்போது அது இருக்கும் இடம் வேறு, பிரித்த பிறகு போய்ச் சேரும் இடம் வேறு. புதியவர்கள் இருக்கும் இடத்தைப் பார்த்து வைக்கிறார்கள். தைத்துப் பிரித்தால் மூலையில் ஒரு துளி தாள் பல்லிளிக்கிறது. இது நடக்கும். எல்லோருக்கும் நடக்கும். ஆனால் இதற்குப் பரிகாரம் இரண்டு குவில்ட் அனுபவம் அல்ல, ஒரு குண்டூசி. தைப்பதற்கு முன் கோட்டின் மேல் குண்டூசி குத்தி, துணியைப் பிரித்துப் போட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் துணி எங்கே வரை வருகிறது என்று தெரிந்துவிடும். போதவில்லையென்றால் நகர்த்தலாம். இன்னொன்று, துண்டை முக்கோணமாக வெட்டிக்கொண்டு வராமல் தாராளமான செவ்வகமாக வெட்டிக்கொள்வது. இந்தக் குழப்பத்துக்கு ஒன்பது சதுரம் தைத்த அனுபவம் எள்ளளவும் உதவாது. பத்து வருஷம் சதுரம் தைத்தவரும் முதல் வாத்தை இப்படித்தான் தப்பாக வைப்பார். எப்படியும் புதிதாகவே கற்க வேண்டியதை எதற்காகத் தள்ளிப்போட வேண்டும்?

அடுத்தது, துணி வீணாகிறது என்ற குற்றச்சாட்டு. ஆமாம், ஆகிறது. தாராளமாக வெட்டி, தைத்த பிறகு நறுக்கினால் ஓரத்தில் துண்டு விழத்தான் செய்யும். ஆனால் இந்த முறைக்குக் கச்சிதமாக வெட்டிய துணியே தேவையில்லை என்பதால், ரவிக்கை வெட்டியபோது மிஞ்சிய டூ-பை-டூ துண்டு, கோணலாகப் போன ஓரம், சட்டைக் கை என எதுவும் உள்ளே போகும். பெரிய வாத்துக்கு வெட்டியதில் மிஞ்சியது சின்ன வாத்துக்கு ஆகும். சாயம் போகும் துணியை மட்டும் முதலிலேயே ஊறப்போட்டுத் துவைத்துக்கொள்ளுங்கள். சுங்குடிச் சிவப்பு பக்கத்து வெள்ளையைக் கெடுத்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. சதுரப் பாடத்துக்கோ ஒரே அளவில் நறுக்கிக் கட்டிய இறக்குமதித் துணி, கட்டர், பாய், ஸ்கேல் என்று கடைக்குப் போக வேண்டும். வீண் என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். துணி அருமையாக இருந்த காலத்தில்தான் காகிதத் தையல் பிரிட்டனில் வளர்ந்தது என்பதையும் மறக்க வேண்டாம். சோழமண்டலக் கரையிலிருந்து போன வண்ணம் தீட்டிய சீட்டித் துணியை உடுத்தக் கூடாது என்று 1721-இல் அங்கே சட்டமே போட்டிருந்தார்கள்.

குறுக்கு வெட்டு விஷயத்தில் காகிதம் இன்னும் ஒருபடி மேலே. நேர்நூலில் வெட்டிய ஓரம் இழுபடாது. கிராஸில் வெட்டிய ஓரம் கை பட்டாலே நீளும்; முக்கோணத்தில் ஒரு பக்கமாவது கிராஸாகத்தான் வரும். புதியவர்களின் முக்கோணம் அலை அலையாக நெளிவது அதனால்தான். தாளோடு சேர்த்துத் தைத்தால் நெளிய இடமில்லை. கட்டத்தின் வெளி ஓரங்களில் மட்டும் நேர்நூல் வரும்படி பார்த்துக்கொண்டால் தாளைக் கிழித்த பிறகும் நெளியாது.

ஊன்றுகோல், ஏமாற்று வேலை என்றும் சிலர் முகம் சுளிப்பார்கள். கண்ணளவும் கையளவும்தான் கலையாம். அமெரிக்காவில் ஜேன் ஸ்டிக்கிள் என்ற பெண் 1863-இல், உள்நாட்டுப் போர்க் காலத்தில், முடித்த குவில்ட்டில் மொத்தம் 5602 துண்டு என்று தானே எண்ணித் துணியில் எழுதிவைத்தார். வெர்மான்ட்டின் பெனிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் 169 கட்டங்களும் நாலரை அங்குலத்துக்குள் அடங்கியவை. இன்று அதைப் பார்த்துத் தைக்க ஆசைப்படும் பலர் அதே கட்டங்களைத் தாளில் வைத்துத்தான் தைக்கிறார்கள். அவர்கள் முடித்த குவில்ட்டைப் பார்த்து இது ஏமாற்று என்று முகத்துக்கு நேரே சொல்லிப் பாருங்கள்!

காகிதத்தால் முடியாதவையும் உண்டு. ஒவ்வொரு தையலும் நேராக, அதுவரை தைத்ததன் குறுக்கே ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓட வேண்டும். மூன்று துண்டு ஒரு புள்ளியில் ஒய் வடிவத்தில் சந்தித்தால் மெஷின் வழி கைவிடும். வளைவும் அப்படியே. பெரிய கட்டங்களைப் பகுதி பகுதியாகத் தைத்துப் பிறகு இணைக்க வேண்டும். அந்த இணைப்பில் புதியவர்கள் சறுக்குவார்கள். இரண்டு பகுதியின் மூலைகளிலும் ஒரே குண்டூசியைச் செங்குத்தாக ஊடுருவிப் பார்த்துவிட்டுத் தைத்தால் சறுக்கல் குறையும். அவசரப்பட்டுத் தாளைக் கிழிப்பது இன்னொரு கோளாறு. நாலு பக்கமும் பக்கத்துக் கட்டங்கள் சேர்ந்த பிறகுதான் கிழிக்க வேண்டும். இத்தனையும் சேர்த்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் போகாத பாடம்.

மெஷின் இல்லாதவர்களுக்கு இங்கிலாந்து வழி. அங்கே ஒய் வடிவச் சந்திப்பு தொல்லையே இல்லை. அறுகோணம் என்றாலே அதுதான். தாள் கொஞ்சம் விறைப்பாக இருக்க வேண்டும். இதற்கென்றே வெட்டிய தாள்களைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். நம் வீடுகளில் அதற்கு அவசியமே இல்லை, கல்யாணப் பத்திரிகைகள் இருக்கின்றன. பக்கம் ஒரு அங்குலம் வரும்படி அறுகோணம் வெட்டி, துணியைச் சுற்றிலும் கால் அங்குலம் கூட விட்டு, மடித்து நூலோட்டி, இரண்டின் நல்ல பக்கங்களைச் சேர்த்து, மடிப்பின் ஓரிரு இழையை மட்டும் பிடித்துச் சுற்றித் தையுங்கள். ஊசி தாளைத் தொடக் கூடாது. ஒரு அறுகோணத்தின் ஆறு பக்கமும் இணைந்துவிட்டால் உள்ளிருக்கும் தாளை உருவி அடுத்ததற்குப் போட்டுக்கொள்ளலாம். உருவாமல் பாதியில் விட்ட பழைய விரிப்புகளின் உள்ளே கடிதங்களும் ரசீதுகளும் கணக்கு நோட்டுத் தாள்களும் அப்படியே கிடைத்திருக்கின்றன. அந்தத் தாளில் இருக்கும் தேதியைப் பார்த்து, விரிப்பு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது என்று ஆராய்ச்சியாளர்கள் காலம் குறிக்கிறார்கள். நம் பத்திரிகைகளில் முகூர்த்த நேரம் வரை இருக்கிறது.

இது மெதுவான வேலை என்பார்கள். மெதுவானதுதான். படுக்கை விரிப்புக்கு வருஷங்கள் ஆகும். அதற்காக முதல் வேலையாகப் படுக்கை விரிப்பை யார் எடுக்கச் சொன்னது? ஏழு அறுகோணம் சேர்த்தால் ஒரு பூ. மேஜையில் தம்ளருக்கு அடியில் வைக்க அது போதும். ரயிலில் போகும்போது ஒரு சின்ன டப்பாவில் ஊசி நூலோடு அடங்கிவிடுகிற வேலை.

ஒரே ஒரு வகைப் பழகுநருக்கு மட்டும் நான் காகிதம் கொடுக்க மாட்டேன். எண் போட்ட வரிசையில் போவதே பிடிக்காது, துணியை எடுத்தோம், பார்த்தோம், சேர்த்தோம் என்று போகிற ஆள். அலபாமாவின் கீஸ் பெண்ட் என்ற ஊர்க் கறுப்பினப் பெண்கள், உழைத்து நைந்த ஜீன்ஸையும் சட்டைகளையும் கிழித்து அப்படித்தான் தைத்தார்கள். நடுவில் ஒரு துண்டு, அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள், அளவெல்லாம் கண் சொன்னபடி. 2002-இல் அந்தக் குவில்ட்டுகள் ஹூஸ்டனிலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் தொங்கியபோது ஓவிய விமர்சகர்கள் வரிந்து கட்டிக்கொண்டு எழுதினார்கள். அந்த மனசுக்காரருக்குக் காகிதம் இடைஞ்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கால் அங்குலம் பிசகாமல் ஒன்பது சதுரம் என்ற பாடம் அவருக்கு அதைவிடப் பெரிய இடைஞ்சல். அவர் கையில் பழைய சட்டை நாலைக் கொடுத்து, கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, மற்றவர்களுக்குத் தாள் பிரிண்ட் எடுக்கப் போய்விடுவேன்.